எல்லாருக்கும் போன பதில்

பக்கத்து மேசையில் யாரோ லிமாவ் ஐஸ் வாங்கியிருந்தார்கள். கஸ்தூரி எலுமிச்சையின் வாசனை. தெப்ராவில், நாம் வழக்கமாக உட்காரும் அதே கடை. நான் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தேன். எழுத வந்தது வேறு. உனக்கு எழுதுகிறேன்.

திக்கிப் பேசுகிறவர்களுக்கென்று நீ தொடங்கிய மின்னஞ்சல் குழு. ஜோகூர் மாநிலம் முழுவதிலிருந்தும் ஆட்கள். ஒரே முகவரி, அதற்கு எழுதினால் எல்லாருடைய பெட்டிக்கும் போகும். பேச முடியாததை அங்கே எழுதினோம். நேரில் சந்திக்கும்போது ஒரே விதி, அதுவும் நீ வைத்தது: யாரும் மற்றவரின் சொல்லை முடித்துக் கொடுக்கக் கூடாது. காத்திருக்க வேண்டும்.

குழுவை நீ நடத்தினாய். கணினி வேலை என்னுடையது. இணைய மன்றத்துக்கு மாறலாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். தலைப்பு வாரியாக இருக்கும், தேடலாம், பழையதைப் படிக்கலாம்.

“தப்பா போட்டா திருத்தலாம். வேணாம்னா அழிச்சிடலாம்.”

நீ ‘நா’வில் நின்றாய். காத்திருந்தேன்.

“நாள் பூரா வாய்க்குள்ளயே அழிச்சிட்டுதானடா இருக்கோம். எழுதறப்பவுமா?”

நாம் எல்லாரும் அப்படித்தான். வராத சொல் தூரத்திலேயே தெரிந்துவிடும். சட்டென்று வேறு சொல்லுக்குத் தாவுவோம். கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு பரமசிவம் அண்ணனின் மடல் வந்தது.

பத்து பாகாட்டில் சிறிய தையல் ஆலையில் வேலை அவருக்கு. உனக்கு மட்டும் எழுதுவதாக நினைத்துப் பதில் பொத்தானை அழுத்திவிட்டார். எல்லாருக்கும் போய்விட்டது. வேலைக்குச் சேர்ந்த அன்று பெயர் கேட்டார்களாம். ‘ப’ வரவில்லை. மணி என்று சொல்லிவிட்டார். அங்கே அவர் இன்றுவரை மணி. அவர் மறந்து வைத்துவிட்டுப் போன மாத்திரையைக் கொண்டுவந்த மனைவி, வாசலில் பரமசிவத்தைக் கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இல்லை என்று காவலாளி திருப்பி அனுப்பிவிட்டார். உள்ளே இருந்த அண்ணனுக்கு எல்லாம் கேட்டது. எழுந்து போகவில்லை.

சற்று நேரத்தில் எனக்குத் தனியாக எழுதினார். “தம்பி, தப்பா அனுப்பிட்டேன். அத எடுத்துடுங்க. என்னையும் குழுவுலேர்ந்து எடுத்துடுங்க.”

எடுக்க முடியாது. போனது போனதுதான். இதே கடையில் உன்னிடம் காட்டினேன்.

“அலமாக்,” என்று தலையில் கைவைத்தாய்.

“இதுக்குத்தான் மன்றம் வேணும்னேன்.”

“இரு லா.”

ஃபோனை எடுத்தாய். என் எதிரிலேயே எழுதினாய், திரும்பப் படிக்காமல் அனுப்பினாய். என் ஃபோனிலும் வந்து விழுந்தது.

“நான் எப்பவும் லிமாவ் ஐஸ்தான் குடிப்பேன். எனக்குப் பிடிக்காது. புளிப்பு. கோப்பின்னு சொல்ல வராது. உங்களுக்கு என்ன வராது?”

அவ்வளவுதான். அண்ணனின் பெயர்கூட அதில் இல்லை.

பதில்கள் வந்தன. ஒருவர் தன் ஊரைச் சொல்ல முடியாமல் அடுத்த ஊருக்குச் சீட்டு வாங்கி, நடந்து திரும்புகிறவர். இன்னொருவர் மகளுக்குத் தன்னால் கூப்பிட முடிந்த பெயரையே வைத்தவர். காரணம் மனைவிக்குத் தெரியாது. மாலைக்குள் பரமசிவம் அண்ணனின் மடல் ஒரு பிழை போலவே இல்லை. அன்றைய தலைப்பை அவர் தொடங்கிவைத்தது போல் இருந்தது.

கடைசியில் அவரும் எழுதினார். “மணியும் நல்ல பேருதான். நான் இருக்கேன்.”

அடுத்த முறை நீ கடைக்கு வந்தபோது, கடைக்காரர் கேட்காமலே லிமாவ் போடத் திரும்பினார். கையைக் காட்டி நிறுத்தினாய்.

“கோ…”

“கோலாவா, தங்கச்சி?”

இல்லை என்று தலையை ஆட்டினாய். பின்னால் வரிசை. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு வியர்த்தது. உனக்கு இல்லை. அந்தச் சொல் வரும்வரை நின்றாய். வந்தது. கடைக்காரர் சிரித்தார். “இத்தன வருஷமா ஏன் சொல்லல?”

“இப்பத்தான் வந்துச்சு,” என்றாய்.

இவ்வளவு துணிச்சலை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிறகும் இல்லை.

காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனாய். திரும்பவில்லை. அதைப் பற்றி எழுத எனக்குச் சொல் இல்லை. மாற்றுச் சொல்லும் இல்லை.

இந்த ஆண்டு மின்னஞ்சல் சேவையை மூடிவிட்டார்கள். மன்றம் திறந்தேன். நான் கேட்டது கிடைத்தது. வெற்றி போல் இல்லை.

இன்று ஒரு மாணவி, எனக்குத் தனியாக அனுப்ப நினைத்ததைப் பொதுப் பக்கத்தில் போட்டுவிட்டாள். படிப்புக்கான உபகாரச் சம்பள நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போகவில்லை, வீட்டில் கூப்பிடவே இல்லை என்று சொல்லிவிட்டாள். உடனே இன்னொரு செய்தி: “அண்ணா, ப்ளீஸ், அழிச்சிடுங்க.”

இப்போது அழிக்க முடியும். ஒரு சொடுக்கு. அது அவள் உரிமை, நீயும் மறுக்க மாட்டாய். கண்டிப்பாக அழிக்கிறேன், அதற்கு முன் ஒருமுறை பக்கத்தைப் பார் என்று பதில் போட்டேன். பிறகு அவள் பதிவுக்குக் கீழே எழுதினேன். திரும்பப் படிக்கவில்லை.

“மெர்சிங்கில் இருக்கும் அப்பாவுக்கு நான் ஃபோன் செய்வதில்லை. காரெடுத்து நேரில் போவேன். பையனுக்கு எவ்வளவு பாசம் பார் என்று எல்லாரிடமும் சொல்வார். பாசமும்தான். ஆனால் ஃபோனில் அப்பா என்ற முதல் சொல் வராது.”

பிறகு அவள்: “அப்பாவுக்குத் தெரியுமா அண்ணா?”

“தெரியாது.”

“என்னோடது இருக்கட்டும். நீங்க சொல்லிடுங்க.”

நேரில் போய்ச் சொல்வது எளிது. கடைக்கு வெளியே வந்து நின்று எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. அப்பா எடுத்தார். ஹலோ, ஹலோ என்றார். யாருங்க என்றார். நான் அந்த ‘அ’விலேயே நின்றேன், வேறு சொல்லுக்குத் தாவவில்லை. அவர் வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

வைக்கவில்லை. அவர் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது.