பிரேக் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு

பாதி பஸ்ஸுக்குச் சொந்தக்காரரே,

இன்று ஆயுத பூசை. காலையிலேயே உம்முடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், சந்தனம் அரைத்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் நம் பஸ் நிற்கும் கொட்டகைக்கே வந்துவிட்டார். மூடியிருந்த வாழையிலைத் துண்டை எடுத்ததும் வாசனை வந்தது. மற்றவர்களுக்குச் சந்தனம் மணத்தால் கோயில் நினைவு வரும். எனக்கு மட்டும் கருகிய பிரேக் நாற்றமும் சேர்ந்தே வருகிறது. அதற்கு நீர்தான் காரணம்.

ரப்பர் விலை விழுந்த காலத்தில்தானே நாம் சேர்ந்தோம். கிள்ளான் பக்கம் தோட்டத்து லோரி ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு வேலை போயிற்று. ரயில் பட்டறையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த உமக்கும் வேலை போயிற்று. உம் ஊரான யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறுவீர் என்று எல்லோரும் நினைத்திருக்க, நீரோ என்னைத் தேடி வந்து, பழைய பஸ் ஒன்று விலைக்கு வருகிறது, ஓட்ட ஆள் வேண்டும் என்றீர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு நான் ஓட்டுவது, நீர் டிக்கெட் கிழிப்பது என்று முடிவாயிற்று. இஸ்திரி போட்ட கால்சட்டையும் கக்கத்தில் குடையுமாக டிக்கெட் கொடுத்த கண்டக்டரை அந்தச் சாலை அதற்கு முன்பு பார்த்ததில்லை. நீர் என்னை ‘நீர்’ என்று கூப்பிடக் கூப்பிட, எனக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. சாயாக்கடையில் என்னைக் கேலி செய்தார்கள். இப்போதும் செய்கிறார்கள்.

அந்த முதல் ஆயுத பூசை. பஸ்ஸைக் கழுவித் துடைத்தது நான். பொட்டு வைத்தது நீர். மற்றவர்கள் முன்னால் ஒரு பொட்டு, சக்கரத்துக்கு ஒரு பொட்டு என்று முடித்துக்கொள்வார்கள். நீர் ஜாக்கியை விட்டீரா, ஸ்பேனரை விட்டீரா? டிக்கெட் பைக்கும் வைத்தீர். கடைசியில் ஓட்டுநர் காலடிப் பலகையைத் தூக்கச் சொல்லி, கீழே இருக்கும் பிரேக் எண்ணெய் டப்பாவின் மூடிக்கும் தாராளமாக ஒன்று வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தீர். “உயிரைக் காக்கிற சாமான் இது காணும். இதுக்கு இல்லாமல் வேற எதுக்கு?” என்று கேட்டீர். நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் வண்டியை எடுத்தோம். காலையில் ஒரு குறையும் இல்லை. வெயில் ஏறிய பிறகுதான் பிரேக்கை மிதித்துக் காலை எடுத்தாலும் சக்கரம் உடனே விடவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்ப நேரமாயிற்று. கிள்ளானில் மீன் வாங்கிக்கொண்டு ஏறிய ஒரு அம்மா, இதற்கு மாட்டுவண்டியே தேவலாம் என்று சத்தம் போட்டார். பத்து தீகா ஊரை நெருங்கும்போது பின்சக்கரத்திலிருந்து புகை வந்தது. எதிரே காரில் வந்தவர் லைசென்ஸ் அதிகாரியான வெள்ளைக்காரத் துரை. நம் ராசி அப்படி. பயணிகளை இறக்கச் சொன்னார். வண்டியை ஓட்டக் கூடாது, ஒரு வாரத்தில் சரிசெய்து கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லையென்றால் இந்த வழி வேறொருவருக்குப் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வழிக்கு ஒரு பெரிய பஸ் கம்பெனி காத்துக்கொண்டிருந்தது நம் இருவருக்கும் தெரியும். வழி போனால் பஸ் வெறும் பலகையும் தகரமும்தான். இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமென்றால் அந்தச் சக்கரம் விட வேண்டும்.

சக்கரங்களைத் தூக்கி நிறுத்திச் சுற்றிப் பார்த்தேன். குளிர்ந்திருக்கும்போது நான்கும் தாராளமாகச் சுற்றின. உள்ளே திறந்து பார்த்தேன். பிரேக் கட்டைகளை இழுக்கும் ஸ்பிரிங்குகள் நன்றாக இருந்தன. கைப்பிரேக் கம்பி எங்கும் சிக்கவில்லை. பக்கத்துப் பட்டறைச் சீனர் வந்து பார்த்து, உள்ளே ரப்பர் ஊதியிருக்கும் என்றார். அதையும் மாற்றினேன். வண்டியை எடுத்து ஓட்டிப் பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி என்றாயிற்று. யாரோ கண்பட்டிருக்கும் என்றார்கள். நீர் சுணங்காமல் ஒரு பூசணிக்காயும் உடைத்தீர்.

எனக்கு வெறுத்துப் போயிற்று. இதைக் கம்பெனிக்காரனிடமே தள்ளிவிடுவோம், நான் கேரி தீவுத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறேன் என்று ஸ்பேனரை வீசினேன். நீர் கோபிக்கவில்லை. ஸ்பேனரைத் தேடி எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, என் கையில் கொடுத்தீர்.

“ஒண்டு ஒண்டாய்ப் பாப்பம் காணும். ஒரே நேரத்தில ரெண்டைத் தொடப்படாது. தொட்டால் எது பிழை எண்டு கடைசிவரை தெரியாது.”

ரயில் பட்டறையில் நீர் கற்றது அது ஒன்றுதான் என்று அடிக்கடி சொல்வீர். அதன்படியே செய்தோம். ஒன்றைத் தொடுவது, ஆளில்லாமல் பங்சார் மேட்டுக்கு ஓட்டிப்போய்ப் பிரேக்கைச் சூடாக்குவது, சக்கரம் விடுகிறதா என்று பார்ப்பது. நீர் இறங்கிப் பின்சக்கரத்தில் கை வைத்துக்கொண்டு, “இல்லை” என்பீர். திரும்பி வருவோம். இன்னொன்றைத் தொடுவோம். எத்தனை முறை போனோமோ, மேட்டு வீடுகளில் இருந்தவர்கள் நமக்கு மூளை பிசகிவிட்டது என்றே முடிவு கட்டியிருப்பார்கள்.

அப்படி ஒரு முறை, சக்கரம் இறுகி நின்றபோது, எண்ணெய் அளவு பார்க்கலாம் என்று பலகையைத் தூக்கி மூடியைத் திருகினேன். உஸ் என்று காற்று வந்தது. பின்னாலிருந்து உம்முடைய குரல் கேட்டது. “காணும், சக்கரம் விட்டிட்டுது.”

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அதன் நடுவே ஊசி நுழையும் அளவுக்கு ஒரு காற்றுத் துளை இருக்க வேண்டும். துளையைக் காணோம். அந்த இடத்தில் காய்ந்து கல்லாகிப்போன சந்தனம், அதன்மேல் குங்குமம். எண்ணெய் சூடாகிப் பொங்கும்போது காற்று வெளியேற வழியில்லாமல், மூச்சுமுட்டிச் சக்கரத்தையே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. நானும் பாவி, மூடியை எத்தனை தடவை துடைத்தேன்! பொட்டை மட்டும் பயபக்தியோடு சுற்றித் துடைத்திருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. உம்முடைய முகத்தைப் பார்த்ததும் இரண்டும் அடங்கிவிட்டன. மூடியை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தீர். பிறகு சொன்னீர்: “சாமியில பிழை இல்லை. நான் வைச்ச இடந்தான் பிழை.” டிக்கெட் பையில் சீட்டுகளைக் குத்தி வைக்கும் ஊசியை எடுத்துத் துளையைத் திறந்தீர். பங்சார் மேட்டில் ஏறி இறங்கினோம். சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்டது.

நான் என்றால் அதோடு வீட்டுக்குப் போயிருப்பேன். நீர் விடவில்லை. வீட்டுக்குப் போய் மறுபடியும் சந்தனம் அரைத்துக்கொண்டு வந்து நின்றீர். துளையை அடைக்க வேண்டும் என்றீர்.

“உமக்கென்ன பைத்தியமா? இப்பத்தானே சரியாச்சு” என்றேன்.

“அடைச்சுப் பாத்தால்தான் தெரியும், இதுதானோ வேறயோ எண்டு. கிள்ளான் சனத்தை ஏத்திக்கொண்டு போற வண்டி காணும் இது.”

அடைத்தோம். காயவிட்டோம். மேடேறினோம். சக்கரம் இறுகியது. ஊசியால் திறந்தீர், விட்டது. அப்போதுதான் உம்முடைய முகத்தில் சிரிப்பு வந்தது. தன் தவறைத் தானே இரண்டாம் முறை செய்து நிரூபித்த ஒரு மனிதரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினோம். துரை ஓட்டிப் பார்த்தார். என்ன கோளாறு என்று கேட்டார். ஏதாவது ஒரு ஸ்பிரிங்கின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் என்று நான் கண்ணைக் காட்டினேன். நீர் ஒன்று விடாமல் இங்கிலீஷில் சொல்லி, மூடியையும் கழற்றிக் காட்டினீர். அவர் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நம் வழியை நமக்கே விட்டுவிட்டுப் போனார்.

இந்தத் தைப்பூசம் கழிந்து வந்த காய்ச்சலில் நீர் போய்விட்டீர். அதன்பிறகு கம்பெனிக்காரர்கள் இரண்டு தடவை வந்துவிட்டார்கள். இங்கிலீஷ் தெரியாத நீ தனியாக என்ன செய்வாய், வந்த விலைக்குக் கொடுத்துவிடு என்று என் சொந்தக்காரர்களே சொன்னார்கள். போன வாரம் பத்து தீகாவில் மறுபடியும் பிரேக் விடத் தாமதித்தது. மூடியைத்தான் முதலில் பார்த்தேன். துளை சுத்தமாக இருந்தது. சாலையோரம் உட்கார்ந்து, கொடுத்தே விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அழுகையும் வந்தது. பிறகு எழுந்து ஒன்றொன்றாகப் பார்த்தேன். இரண்டைச் சேர்த்துத் தொடவில்லை. பிரேக் மிதியை மேலே இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. மாற்றினேன். பங்சார் மேட்டுக்கு ஓட்டிப்போனேன். பின்சக்கரத்தில் கை வைத்துப் பார்க்க நானே இறங்க வேண்டியிருந்தது.

சரியாகிவிட்டது என்று தெரிந்த பிறகு, பழைய ஸ்பிரிங்கை மறுபடியும் மாட்டி இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன். அதுதான் பிழை. கம்பெனிக்காரனுக்கு இல்லை என்று ஆள் அனுப்பிவிட்டேன். பஸ்ஸில் உம்முடைய பாதி இப்போது அக்கா பெயரில் இருக்கிறது. வண்டி ஓடும்.

இன்று அக்கா தானே எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். ஜாக்கிக்கு, ஸ்பேனருக்கு, டிக்கெட் பைக்கு. முடிந்தது என்று நினைத்தேன். காலடிப் பலகையைத் தூக்கச் சொன்னார்.

“அவர் முதன்முதல் எங்க வைச்சவர்?”

காட்டினேன். துளைக்குப் பக்கத்தில் வையுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. அக்கா சரியாகத் துளையின் மேலேயே வைத்தார், குங்குமமும் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

பூசை நாளில் வண்டி எடுப்பதில்லையே, அதனால் பொட்டு அங்கேயே இருக்கிறது. நாளை காலை முதல் பயணம் கிள்ளானுக்கு. கிளம்புமுன் பலகையைத் தூக்க வேண்டும். உம்முடைய ஊசி என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.