பென்சில் முனை உங்க பக்கம்

ஏங்க,

லேபுக்குக் கிளம்பிட்டேன். நீங்க அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. சாப்பாடு மேசை மேல மூடி இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க. குழாய் ரிப்பேர் பண்றவர் காலையில வருவார். பின்கதவுச் சாவி ஃப்ரிட்ஜ் மேல.

நேத்து குறுக்கெழுத்துல நீங்க திணறினப்போ, என் தம்பி முன்னாடியே விடையைப் போட்டு உடைச்சிட்டேன். உங்களுக்கு மூக்குக்கு மேல கோபம். பென்சில் முனையை எதிர்ல இருக்கிறவங்க பக்கம் திருப்பி வச்சாதான் க்ளூ கொடுக்கணும், அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுங்கிறது நம்ம வீட்டுச் சட்டம். தெரியும். அதுக்காக ராத்திரி பூரா உம்முனு இருக்கணுமா?

இன்னைக்குக் கட்டத்துல ஒரு நாலெழுத்து வார்த்தை என் உயிரை வாங்குது. காபியே ஆறிப்போச்சு. பேப்பர் சாப்பாட்டுப் பக்கத்துல இருக்கு, பென்சில் முனை உங்க நாற்காலியைப் பாத்து இருக்கு. மதியம் போன் பண்றேன். முதல் எழுத்தை மட்டும் சொல்லுங்க.

பி.கு. குழாய்க்காரர்கிட்ட கேட்டுடாதீங்க. அது கள்ளாட்டம்.

இன்னொண்ணு. உங்களுக்கும் விடை தெரியலைன்னா பரவாயில்ல. போனை எடுத்து ‘ஹலோ’ன்னு மட்டும் சொல்லுங்க. மீதியை நானே கண்டுபிடிச்சுக்கிறேன்.