என் ஐந்தரைக் கட்டை

கோயிலிலிருந்து வந்து சுருதிப்பெட்டியைக் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பெட்டி வாங்கி ஒரு மாதம் ஆகப்போகிறது. துருத்தியை ஒரு அமுக்கு அமுக்கினால் இன்னும் புது வார்னிஷ் வாசனை குப்பென்று அடிக்கிறது. இன்றைக்கு அதோடு கோயில் சந்தனமும் சேர்ந்துகொண்டது. இதை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? ஆமாம், புதுப் பெட்டிதான். ஆன்லைனில் வாங்கினேன். நானேதான் வாங்கினேன், சிரிக்காதீர்கள்.

ஊரார் பார்சலுக்கெல்லாம் எடைபோட்டு முத்திரை குத்தியே போஸ்டாபீசில் காலத்தைக் கழித்தவள் நான். எனக்கென்று ஒரு பார்சல் வந்ததே இல்லை. எப்படி வரும்? வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிற வீடு நம் வீடு. தேங்காயைத் தட்டிக் கேட்காமல் நீங்கள் காசை எடுத்ததில்லை. பழைய சுருதிப்பெட்டி வாங்கத் திருநெல்வேலிக்குப் போனோமே, அன்றைக்கும் அதே கதைதான். கடைக்காரர் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து வைக்க, நீங்கள் ஒவ்வொன்றின் மேலும் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

"கேட்டு என்னத்தக் கண்டிய?" என்று நான் கேட்டேன்.

"மூச்சு எங்கயாவது ஒழுகுதான்னு பாக்கேன்ட்டி."

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று கடைக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவர் மரியாதைக்குச் சிரிப்பை அடக்கினார். நீங்கள் அடக்காமல் சிரித்தீர்கள். எந்த ராகத்தைக் கேட்டாலும் 'நல்லாருக்கு' என்ற ஒரே பதிலை வைத்திருந்த மனிதரை வேறு என்ன சொல்வது?

அன்றைக்கே வேலையைப் பிரித்துக்கொண்டோம். பாடுவது நான். பின்னால் உட்கார்ந்து சுருதி வைத்துத் துருத்தி போடுவது நீங்கள். என் சுருதி ஐந்தரைக் கட்டை. கட்டை ஏற ஏறக் குரலும் உயரத்தில் நிற்க வேண்டும், பெண்களிலேயே பலருக்கு ஐந்தரை எட்டாது. பக்கத்துத் தெருக் கோமதி ஐந்துக்கே மூச்சு வாங்குவாள். எனக்கு அது தானாக நின்றது, அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்து 'அஞ்சரை' என்று சொல்லுவேன்.

ஒவ்வொரு நவராத்திரிக்கு முன்னாலும் கிழிந்த வேட்டித் துணியை எடுத்துக்கொண்டு பெட்டியை மடியில் வைத்துத் துடைப்பீர்கள். தென்காசியில் நம் மெடிக்கலில், வயசாளிகளுக்கு மாத்திரையைச் சரிபாதியாக உடைத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பீர்களே, அதே பொறுமை. நான் அடுக்களையிலிருந்து சத்தம் போடுவேன்.

"சுருதி சரியா இருக்கான்னு பாத்தியளா?"

"ஒனக்குச் சரியா இருக்குல்லா, அப்ப சரிதான்."

வருஷா வருஷம் இதே கேள்வி, இதே பதில். ஞானம் இல்லாதவர் தப்பித்துக்கொள்ளச் சொல்லுகிற பதில் என்றே நினைத்திருந்தேன்.

நீங்கள் போனபிறகு இரண்டு நவராத்திரிக்கு, கோயிலில் பாடுகிற என் முறையைக் கோமதியிடம் தள்ளிவிட்டேன். வாயைத் திறக்கவே தோன்றவில்லை. பின்னால் ஆள் இல்லாமல் என்ன பாட்டு? பழைய பெட்டி பரண் ஏறியது. இரண்டு சாரல் சீசன் ஈரம் குடித்துத் துருத்தித் துணி இற்றுப்போனது. இந்த வருஷம் ஆவணி பிறந்ததும் கோமதி வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னக்கா, இந்த வருசமும் எந்தலையில கட்டிரலாம்னு பாக்கியளா? நடக்காது. அண்ணாச்சி இருந்தா இப்பிடி மூலையில கெடக்க விடுவாகளா?"

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் பெட்டி இல்லையே என்ற நினைவே வந்தது. பெங்களூரிலிருந்து நம் மகள், "யம்மா, அதுக்கு ஆப் இருக்கும்மா, போன்லயே போட்டுக்கலாம்" என்றாள். போட்டும் காட்டினாள். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்ற மாதிரி ஒரே ரீங்காரம். மூச்சே விடாத சுருதியோடு நான் எப்படிப் பாட? நீங்கள் துருத்தி போடும்போது நடுவில் கண் அசந்துவிடுவீர்கள், சுருதி ஒரு நொடி தொய்யும். நான் தொடையில் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி எழும்பும். எனக்கு அந்த மாதிரிப் பெட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். கடையில் போய் வாங்கலாம் என்றால், நீங்கள் இல்லாமல் அந்தக் கடைப் படியேற மனம் வரவில்லை. மகள் வீடியோ காலில் வர, நானே போனில் தேடினேன்.

வாங்கியவர்கள் எழுதிய கருத்தையெல்லாம் ஒன்று விடாமல் படித்தேன். ஒரு புண்ணியவான், 'இதில் பாட்டே வரவில்லை, ஒரே சத்தம்தான் வருகிறது' என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். உங்களை நினைத்துக்கொண்டேன். தட்டிப் பார்க்காமல், காதை வைக்காமல், படத்தைப் பார்த்தே ஒரு வாத்தியத்துக்குப் பணம் கட்டினேன். பார்சல் வந்ததும் ஒட்டுப்பட்டையை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். பழக்கம் போகுமா?

பெட்டி லட்சணமாகத்தான் இருந்தது. முகப்பில் வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கட்டை எண். எந்தக் குமிழைத் திறக்கிறோமோ அந்தச் சுருதி பேசும். முதல்முறையாக நானே ஐந்தரையைத் திறந்து, இடது கையால் துருத்தி போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தேன்.

அனுபல்லவியிலேயே குரல் கீச்சிட்டது. மேல் ஷட்ஜம் எட்டவே இல்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் பாடினேன், மறுநாள் காலையில் பாடினேன், மிளகுப்பால் குடித்துப் பாடினேன். எட்டவில்லை. இவ்வளவு காலம் என்னிடம் இருந்த ஒரே சொத்து அந்தக் குரல். போகும்போது அதையும் கையோடு கொண்டுபோய்விட்டீர்களோ என்று அழுதேன்.

அழுது முடித்தபின் என் புத்தி வேலை செய்தது. என் குரலில் குற்றம் இருக்க முடியாது, பெட்டியில்தான் கோளாறு. பார்க்காமல் வாங்கினால் இப்படித்தான் தலையில் கட்டுவார்கள். உடனே திருப்பி அனுப்பப் போனைத் திறந்தேன். காரணம் கேட்டது. உடைந்திருக்கிறதா, நிறம் பிடிக்கவில்லையா, அளவு சரியில்லையா? சுருதி ஏறிக்கிடக்கிறது என்று ஒரு காரணத்தை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. அளவு சரியில்லை என்பதை அமுக்கினேன்.

பெட்டியை எடுத்துப்போக ஆள் வருவதாகச் சொன்ன அன்று காலையில், பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினேன். வருகிறவர் எதிர்க்கேள்வி கேட்டால் 'சரியான பெட்டி இப்படி இருக்கும்' என்று காட்ட ஆதாரம் வேண்டாமா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையதில் எண்கள் கிடையாது, ஆனால் குமிழ் வரிசை அச்சாக ஒன்றேதான். புதுப் பெட்டியில் நான் திறந்திருந்த குமிழுக்கு நேராகப் பழையதில் மூடியிருந்தது. நீங்கள் கடைசியாகத் திறந்து வைத்தது இரண்டு குமிழ் கீழே இருந்தது. நாலரைக் கட்டை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அடிச்சுருதி வரிசையில் மற்றக் குமிழ்கள் எல்லாம் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தன. அடுத்தடுத்து மூன்று மட்டும் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து மின்னின. ஐந்தரை, ஐந்து, நாலரை.

எனக்குத் தைராய்டு வந்து தொண்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம்தான் ஐந்துக்கு இறக்கியிருப்பீர்கள். மாத்திரை தந்த கையாலேயே சுருதியையும் அரை குறைத்திருக்கிறீர்கள். நாலரைக்கு வந்தது நான் ரிட்டையர் ஆன சமயமாக இருக்கலாம். துடைக்கிறேன் துடைக்கிறேன் என்று மடியில் வைத்துக்கொண்டு செய்த வேலை இதுதானா? குற்றாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அருவிச் சத்தத்தைக் கேட்டு, "இன்னைக்குத் தண்ணி கூட, குளிக்க விடமாட்டான்" என்று சொல்லுவீர்கள். ஒருநாளும் தப்பியதில்லை. அந்தக் காதைத்தான் நான் கழுதைக் காது என்றேன். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. திருட்டு மனுஷன், ஊரெல்லாம் ஐந்தரை என்று என்னைப் பீற்ற விட்டுவிட்டுப் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தீர்களா? அப்புறம் எனக்கே சிரிப்பு வந்தது. என் குரல் இறங்கியது எனக்குத் தெரிவதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என் திமிரில் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றி வைத்திருந்தீர்கள்.

புதுப் பெட்டியில் நாலரையைத் திறந்தேன். குரல் போய் உட்கார்ந்துகொண்டது. நான் பாடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் மழைக்கோட்டோடு பார்சல்காரர் வந்து நின்றார்.

"ரிட்டர்ன் போட்டிருக்கியளேம்மா. பெட்டியில என்ன கம்ப்ளெயிண்ட்?"

"பெட்டியில ஒண்ணுமில்லப்பா. எனக்குத்தான் அளவு மாறிப்போச்சு. இது இங்கனயே இருக்கட்டும்."

"சரிதான், கேன்சல் பண்ணிருதேன். பாடுனது நீங்களா? நான் டிவின்னுல்லா நெனச்சேன்."

அவருக்குக் காப்பி கொடுத்துத்தான் அனுப்பினேன்.

அதன்பிறகு தினமும் சாதகம் செய்தேன். நாலரையிலும் சரணத்தில் லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. நீங்கள் இருந்திருந்தால் இந்த வருஷம் என்ன செய்திருப்பீர்கள் என்று தெரியும். நேற்று கிழிந்த வேட்டித் துணியை எடுத்துப் பெட்டியை மடியில் வைத்துத் துடைத்தேன். துடைத்துவிட்டு நானே நாலுக்கு இறக்கினேன்.

இன்றைக்குச் சன்னிதி முன்னால் உட்கார்ந்து, துருத்தியை நானே போட்டுக்கொண்டு பாடினேன். நடுவில் கை ஓய்ந்து சுருதி ஒரு நொடி தொய்ந்தது. பழக்கத்தில் தொடையில் ஒரு தட்டுத் தட்டினேன், கை மறுபடி ஓடியது. நிறைவாகப் பாடினேன் என்று எனக்கே தெரிந்தது. முடிந்ததும் கோமதி பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொரலு அப்பிடியே இருக்கேக்கா! எத்தன கட்ட? அதே அஞ்சரதான?"

"எனக்குச் சரியா இருக்குல்லா கோமதி, அப்ப சரிதான்" என்றேன்.