ஊமைப்படத்துக்கு நான் கை உயர்த்திய நாள்

என் செல்லத் தம்பி ஜெரிக்கு,

நீ ஆசைப்பட்டபடி அந்தப் பழைய ரஷ்ய ஊமைப்படத்தைத் திரையில் ஓடவிட்டு, நம் வாத்தியக் குழு போன ஞாயிறு மயிலாப்பூரில் நேரில் வாசித்துவிட்டது. நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒத்திகைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு யாருக்கோ நடந்தது போலத்தான் இருக்கிறது.

அடக்கம் முடிந்து சாந்தோம் வீட்டு வாசலில் நின்றிருந்தபோது, கிளாரினெட் வாசிக்கும் முகுந்தன் கேட்டான். "கேன்சல் பண்ணிடலாமாக்கா?"

"வேணாம். நான் நடத்துறேன்," என்றேன். ஏன் சொன்னேன்? தெரியவில்லை. இத்தனை வருஷம் உன் கையைப் பார்த்து வயலின் வாசித்தவள், ஞாயிறன்று உன் இடத்தில் நின்று எல்லோருக்கும் தாளத்துக்குக் கை காட்டினேன்.

முக்கால்வாசிப் படம் நன்றாகத்தான் போனது. பிறகு சிப்பாய்கள் தொழிலாளிகளைச் சுடும் காட்சி. அதற்கு அந்தக் காலத்து இசையமைப்பாளர் ஒரு துள்ளாட்ட இசை எழுதி வைத்திருக்கிறார். "சாவுற சீனுக்கு டான்ஸா?" என்று ஒத்திகையில் கேட்டேனே. "அழுவுற மியூசிக் போட்டா ஜனங்க அழுதுட்டுப் போயிடுவாங்கக்கா. இது போட்டா கோவம் வரும்," என்றாய்.

திரையில் ஒருவன் சரிந்தான். உன் வயதுதான் இருக்கும். என் கை தானாக இறங்கியது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. சத்தமே இல்லாமல் அவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். காட்சி மாறிய பிறகுதான் என்னால் கையைத் தூக்க முடிந்தது.

முடிந்ததும் சிலர் வந்து, அந்த மௌனம் பிரமாதம் என்றார்கள். நன்றி சொன்னேன்.

அம்மா முதல் வரிசையில் இருந்தாள். உன்னைப் புதைத்த அன்றுகூட அழாதவள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். வீடு திரும்பும்போது ஆட்டோவில் கேட்டாள். "உனுக்கு இன்னாடி ஆச்சு? கல்லு மாரி கீறே?"



அடுத்த மாதம் தி.நகரில் மறுபடி வாசிக்கிறோம். இந்த முறை என் கை இறங்காது. அவர்கள் சாகும்போது அந்தத் துள்ளாட்டத்தைக் கடைசி ஸ்வரம் வரை வாசிப்போம். எனக்கு அழுகை வராவிட்டால் போகட்டும். கோபமாவது வரட்டும்.

உன் கூடப்பிறந்த
ரோசி அக்கா