பிறப்பு ஆணியில் இறப்பு

மார்ச் 12, செவ்வாய்

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் சரி, காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அக்காவாக இருந்தால் இந்த வரியோடு மூடி வை. நீ கண்ணாடி முன்னால் தனியாகப் பேசுவதை நான் யாரிடமாவது சொன்னேனா?

குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு எழுதுகிறேன். இந்த வீட்டில் இங்கே மட்டும்தான் தாழ்ப்பாள் சரியாக விழும். பயப்பட எனக்குக் காரணம் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே ஒளிய இடம் தேடுவேன்.

பள்ளி மாடிப்படிக்குக் கீழே இருக்கும் 'இன்றைய நாள்' பலகை இந்த வருடம் என் பொறுப்பு. நடுவில் நிகழ்வுகள். இரண்டு ஓரத்திலும் 'பிறப்பு', 'இறப்பு' என்று ஆணியில் தொங்கும் தகரத் தகடுகள். அவற்றுக்குக் கீழே நான் பெயரும் ஆண்டும் எழுத வேண்டும். படிக்கத்தான் ஆளில்லை.

தகடுகளைக் கழுவுவது ஆயாம்மா வேலை. இன்று அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரியாமல் நானே கழுவி மாட்டிவிட்டேன். செய்த உதவியைச் சொல்லிக்காட்டக் கூடாது என்பதால் சொல்லவில்லை.

மார்ச் 13, புதன்

யுரேனஸைக் கண்டுபிடித்த நாள். பலகை முன்னால் ஒருத்தி நின்றாள். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பழைய ஆண்டு மலரில் தாளாளர் ஐயா படத்துக்குக் கீழே பார்த்தேன் – பிறந்த நாள் மார்ச் 14. நாளைக்கு! பள்ளியைத் தொடங்கியவர். ஆண்டு விழாவுக்கு மட்டும் வருவார், காது கேட்காது. பிறந்தவர்கள் பக்கம் ஐன்ஸ்டைனுக்குக் கீழே அவரையும் எழுதப்போகிறேன். ஆண்டு போட மாட்டேன். வயதை வெளியே சொன்னால் மரியாதையாக இருக்காது.

மார்ச் 14, வியாழன்

காலையில் முதல் ஆளாகப் போய்ப் பலகையை எழுதிவிட்டேன்.

காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்து, "நம்ம தாளாளர் ஐயா நம்மள விட்டுப் பிரிஞ்சுட்டார்" என்றார். இரண்டு நிமிடம் மௌனம். நானும் நின்றேன். நானும் அழுதேன். பிறந்த நாளன்றே போய்விட்டாரே என்று மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அழுதேன். உடனே விடுமுறை விட்டார்கள்.

பையை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போதுதான் பலகையைப் பார்த்தேன். இறப்பு: ஐன்ஸ்டைன், 1879. தாளாளர் ஐயா. பிறப்பு: கார்ல் மார்க்ஸ், 1883.

தகடுகளை மாற்றி மாட்டியிருக்கிறேன். பிறந்தவர்கள் இடப்பக்கம், இறந்தவர்கள் வலப்பக்கம் என்று கைக்குப் பழக்கம். தலைப்பை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. பார்த்திருந்தாலும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். நேற்றும் இப்படித்தான் தொங்கியிருக்கிறது. நேற்று யாரும் யாருக்காகவும் அழவில்லை.

முதலில் பார்த்தவர் விளையாட்டு ஆசிரியர், எங்கள் விசில் சார். அவர் ஓடிப்போய்ச் சொல்ல, தலைமையாசிரியை ஐயா வீட்டுக்கு போன் செய்திருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. அதனால் உறுதியாகிவிட்டது.

மார்ச் 15, வெள்ளி

யாரிடமும் சொல்லக் கூடாது என்று விசில் சார் எங்கள் வகுப்பு முழுவதற்கும் சொன்னார்.

நேற்று தலைமையாசிரியையும் சாரும் பூமாலையோடு ஐயா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கதவைத் திறந்தது ஐயா. சார் சட்டையில் குத்தியிருந்த கறுப்புத் துணியைப் பிய்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாராம். ஐயா மாலையைப் பார்த்தாராம். "என் பொறந்த நாள் உங்களுக்கு எப்படித் தெரியும்? யாருமே ஞாபகம் வச்சுக்கிறதில்லையே!" என்று கழுத்தைக் குனிந்து கொடுத்தாராம். தலைமையாசிரியை போட்டுவிட்டார். வேறென்ன செய்வார்? டீ கொடுத்தாராம், குடித்துவிட்டு வந்தார்களாம்.

வகுப்பே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன்.

மதியம் தலைமையாசிரியை ஆயாம்மாவைக் கூப்பிட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

"தகடு கழுவுறது யாரு?"

"நான்தாம்மா."

"மாத்தி மாட்டி வச்சு மானத்த வாங்கிட்டீங்களே!"

"ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதானேம்மா இருக்கு? எது எதுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியலேன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்."

ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். அது விழுந்தது. திரும்ப எடுத்து நன்றாகச் சாத்திவிட்டுப் போனார்.

உள்ளே போய் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் டி.சி. கொடுத்துவிடுவார்கள். அப்பா திட்டவே மாட்டார், சும்மா பார்ப்பார். அதை நினைத்தால் அழுகை வருது.

இன்று ஜூலியஸ் சீசரைக் கூட இருந்தவர்களே குத்திக் கொன்ற நாள். நான் யாரையும் குத்தலையே. ஜன்னலுக்கு வெளியே சும்மாதானே நின்னேன் – அது வேற, இல்லையா?

மார்ச் 16, சனி

சாப்பாடு இறங்கவில்லை. "வயித்துல பூச்சி" என்று அம்மா மருந்து கொடுத்துவிட்டாள்.

மார்ச் 18, திங்கள்

விண்வெளியில் மனிதன் முதன்முதலாக நடந்த நாள், 1965. கயிறு கட்டிக்கொண்டுதான் நடந்தாராம்.

அதற்குக் கீழே எழுதினேன்: "மார்ச் 14 அன்று தாளாளர் ஐயா இறக்கவில்லை. தகடுகளை மாற்றி மாட்டியது எட்டாம் வகுப்பு ஆ பிரிவு மாணவி, அதாவது இதை எழுதுகிறவள். ஆயாம்மா அல்ல." எழுதிவிட்டுக் கழிவறையில் போய் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் வரை யாரும் படிக்கவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

அந்த வரியை மட்டும் அழிக்காமல் விட்டிருந்தேன்.

ஐயா வந்தார், மாலைக்கு நன்றி சொல்ல. ஆசிரியர்களுக்கு ஆளுக்கொரு பேனா கொண்டுவந்திருந்தார். மாடி ஏறுமுன் மூச்சு வாங்கப் பலகை முன்னால் நின்றார். காது கேட்காதவர் வாய்விட்டுப் படித்தால் கீழ்த்தளம் முழுக்கக் கேட்கும்.

"தாளாளர் ஐயா... இறக்கவில்லை."

இன்னொரு தடவையும் படித்தார். பிறகு, "அப்ப அந்த மாலை..." என்றார். தலைமையாசிரியை கையிலிருந்த பேனாவைத் திறந்து மூடினார்.

"யாரும்மா இந்த ஆயாம்மா?"

"அவங்க போயிட்டாங்க ஐயா" என்று தலைமையாசிரியை அவர் காதருகில் சொன்னார்.

"அடடா! என்ன ஆச்சு, உடம்புக்கா?"

"இல்லைங்கய்யா, வேலைய விட்டு!" என்று விசில் சார் கத்தினார்.

"நானே போகல. அவங்கள எதுக்குப் போகச் சொன்னீங்க? கூப்பிடுங்க. எழுதுன பொண்ணு எங்க?"

தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். கால்தான் வந்தது, நான் வரவில்லை. ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. அந்தப் பக்கம் என்னை எழுதத்தான் அவசரப்படாத கண்ணு" என்றார். சிரித்தார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடிக்கு ஏறாமல் திரும்பிப் போய்விட்டார்.

தலைமையாசிரியை: "வியாழக்கிழமை அப்பாவோட வா."

மார்ச் 20, புதன்

தகடுகளை ஆணி அடித்து இறுக்கிவிட்டார்கள். இனி யாராலும் கழற்ற முடியாது, கழுவவும் முடியாது.

ஆயாம்மா வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும், "என் வேலைய உன்ன யாருடி பாக்கச் சொன்னா?" என்றார். நான் அழ ஆரம்பித்ததும், "சரி சரி, மூக்கத் தொடச்சுக்க. என் பேர எங்க எழுதியிருந்த, காட்டு" என்றார். அழித்த இடத்தைக் காட்டினேன். அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"பொறந்தவங்க பக்கம் எது?"

காட்டினேன்.

"அதுல ஒரு நாள் என்னயும் போடு. தேதியெல்லாம் தெரியாது. எந்த நாள் காலியா இருக்கோ அதுல."

எந்த நாளும் காலியாக இல்லை ஆயாம்மா, தினமும் யாராவது பிறந்திருக்கிறார்கள் என்றேன்.

"அப்ப நெருக்கிப் போடு."

நாளைக்கே போடலாம். நாளைக்குப் பிறகு பலகை என்னிடம் இருக்குமோ என்னவோ. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சாப்பிடும்போது சொல்ல வாயைத் திறந்தேன். தண்ணீர் கேட்டேன்.

கதவு தட்டும் சத்தம். அக்கா என்றால் தட்டுவதற்கு முன்பே திட்டு வரும். இது மெதுவாக ஒரு தட்டு. அப்புறம் ஒன்றுமில்லை. அப்பாதான், அப்படியே நிற்கிறார். குழாயை மூடிவிட்டேன். இப்பவே சொல்லிடறேன்.