நாங்கள் செங்கல் என்று அழைத்த துப்பாக்கி

அக்டோபர் 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மான் வேட்டைக்கு இன்னும் நாளிருக்கிறது, ஆனாலும் துப்பாக்கிக் கடையில் கூட்டம். பாதிப் பேர் வருவது முதலாளி ரோஸ்கோவின் ஓசிக் காபிக்கு. டெல்மர் வழக்கம்போல ஹீட்டர் பக்கத்து நாற்காலியில். நிலக்கரி லாரி ஓட்டி ஓய்வுபெற்றவருக்கு மலைப்பாதைக் கதைகள் தீர்ந்து ரொம்ப நாளாகிறது. இப்போது வருகிறவர்களைக் கேலி செய்வதுதான் வேலை.

மதியம் ஒரு பெண் வந்தாள். முதியோர் இல்லத்துச் சலவைப் பிரிவின் நீலச் சட்டை, மார்பில் ட்வைலா என்று பெயர்ப்பட்டை. கண்ணாடிப் பெட்டியின் கோடியில் இருக்கும் சின்னக் கைத்துப்பாக்கியைக் காட்டினாள். கடையிலேயே விலை குறைந்தது அதுதான். நாங்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் செங்கல். கனமும் அப்படி, அழகும் அப்படி.

எதற்கு என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான். "கூட இருந்தவன் ஒருத்தன். கெர்பின்னு பேரு. பூட்ட மாத்தினாலும் உள்ள வந்துடறான்" என்றாள்.

டெல்மர் சும்மா இருப்பாரா? "நல்ல சாமான்தான் கண்ணு. சுட்டா சுடும். சுடலேன்னா தூக்கி எறிஞ்சு அவன் மண்டைய ஒடைக்கலாம்." கடையே சிரித்தது. நானும் விடவில்லை: "தோட்டா சிக்கிக்கிட்டு நீங்க அதோட மல்லுக்கட்டி முடிக்கறதுக்குள்ள, வந்தவன் உக்காந்து சாப்பிட்டுட்டே போயிடுவான்." என்னுடையதற்குத்தான் பெரிய சிரிப்பு. ரோஸ்கோவே கணக்கறையிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்.

அடுத்த தட்டில் இருந்த நல்லதை எடுத்துக் காட்டினேன். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு வருவதாகச் சொல்லிப் போய்விட்டாள். இந்த வயதிலும் எனக்கு வாய் குறையவில்லை. என் கணவன் லைல் உயிரோடு இருந்திருந்தால் ரசித்திருப்பான்.

அக்டோபர் 14, ஞாயிறு

தலைவலி. சர்ச்சுக்குப் போகவில்லை.

நவம்பர் 2, வெள்ளி

சர்ச் சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது கேள்விப்பட்டேன். முதியோர் இல்லத்துச் சலவைப் பெண் ஒருத்தி அவள் வீட்டு வாசற்படிகளுக்குக் கீழே அடிபட்டுக் கிடந்தாளாம். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு, கன்ன எலும்பும் போய்விட்டது. கூட இருந்த ஆள் போலீசுக்குத் தானே போன் செய்து, படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றானாம்.

பெயர் என்ன என்று கேட்டேன். கேட்கும்போதே தெரியும். ட்வைலா.

அந்த ஆளின் பெயர் கெர்பி.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பாதி உரித்ததை அப்படியே விட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் 4, ஞாயிறு

அவள் வாங்காமல் போனதற்கு நானா காரணம்? ஆயிரம் காரணம் இருக்கும். பணம் இல்லாமல் இருந்திருக்கும். மனசு மாறியிருக்கும். வேறு கடையில் வாங்கியிருப்பாள்— வாங்கியிருந்தால் படிக்கட்டுக்கு அடியில் ஏன் கிடந்தாள்?

அந்தத் துப்பாக்கி மோசம், அதனால் நல்லதுதான் சொன்னேன். தோட்டா சிக்கும் சாமானை நம்பி ஒருத்தி உயிரை வைக்கக் கூடாது. அனுபவம் உள்ளவள் சொல்ல வேண்டியதைத்தானே சொன்னேன்.

என்ன அனுபவம்? நான் அதை ஒருமுறைகூடச் சுட்டதில்லை. டெல்மர் சுட்டாரா? ரோஸ்கோ? எங்கள் யாருக்குமே தெரியாது. யாரோ சொன்னார்கள், அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

நவம்பர் 6, செவ்வாய்

ரோஸ்கோ ஓட்டுப் போடப் போயிருந்த நேரத்தில் பெட்டியிலிருந்து செங்கலை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் மண்மேட்டுக்குப் போனேன். கம்பெனியில் பூசி அனுப்பிய கிரீஸைக்கூடத் துடைக்கவில்லை. துடைத்தால் நன்றாகச் சுடுமே என்றுதான் துடைக்கவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது.

சுட்டேன். அடுத்தது சுட்டேன். மேகசினில் தோட்டா நிரப்பி மறுபடி சுட்டேன். பின்னுக்கு இழுக்கும் ஸ்லைடு இறுக்கம், விசை கரடுமுரடு, கையில் அடி மாதிரி உதைக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் சுட்டது. ஈரத் தரையில் வைத்து எடுத்தேன், சுட்டது. எங்களிடம் இருப்பதிலேயே மட்டமான தோட்டாவைப் போட்டேன், அதையும் சுட்டது.

சிக்கு, சிக்கு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை சிக்கினால் போதும். நான் சொன்னது உண்மையாகிவிடும்.

கடைசித் தோட்டாப் பெட்டியில் சிக்கியது. வெற்றுக்கூடு வெளியே வராமல் செங்குத்தாக நின்றுகொண்டது. எனக்கு அப்படியொரு நிம்மதி. அப்பாடா என்று அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. மணிக்கட்டைத் தளரவிட்டுச் சுட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சின்னத் துப்பாக்கியும் சிக்கும். இதை நானே எத்தனை பேருக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். கையைத் தளரவிட்டது நான். தெரிந்தே விட்டேனா? தெரியாமலா? எனக்கே சொல்லத் தெரியவில்லை.

நவம்பர் 7, புதன்

துடைத்து, எண்ணெய் போட்டு, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். சுட்டதை ரோஸ்கோவிடம் சொன்னேன். தோட்டா விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன் என்றார். அவ்வளவுதான்.

நவம்பர் 10, சனி

ட்வைலா அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்து போனேன். கோழியும் மாவுருண்டையும் போட்ட சூப் ஒரு பாத்திரம் எடுத்துப் போனேன். கதவைத் திறந்த அக்கா வெர்னா பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள், என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து, "வரட்டும்" என்று குரல் வந்தது.

சோபாவில் படுத்திருந்தாள். ஒரு கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. கையில் கட்டு. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோய், "நாங்க அன்னிக்குச் சிரிச்சது தப்பு" என்று மட்டும் சொன்னேன்.

"அந்தப் பெரியவரு சிரிச்சத நான் பெருசா எடுத்துக்கல. அவரு எதுக்கும் சிரிப்பாரு. நான் உங்க மூஞ்சியப் பாத்தேன். பொம்பள, புரியும்னு நெனச்சேன்" என்றாள்.

அந்தத் துப்பாக்கி நன்றாகத்தான் சுடுகிறது, சுட்டுப் பார்த்தேன் என்றேன். ஏன் சொன்னேன்? யாருக்காக?

"அது சுடுமா சுடாதான்னு நான் திரும்பிப் போகல. மட்டமான சாமான் வாங்க வந்த மட்டமான பொம்பளன்னு பாத்தீங்களே, அந்தப் பார்வைக்குத்தான் போனேன். கையில இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யாருக்குத் தெரியும். அவன் புடுங்கி என்னையே சுட்டிருக்கலாம். அத விடுங்க."

பிறகு அவளே ஒன்று கேட்டாள். கைதான கெர்பி ஜாமீனில் வந்துவிட்டான். அவன் கிட்டே வரக் கூடாது என்று தடை உத்தரவு கேட்டிருக்கிறாள். 19ஆம் தேதி விசாரணை. இருவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், அவள் வழுக்கி விழுந்தாள், இப்போது கதை கட்டுகிறாள் என்பது அவன் பேச்சு. அடிபடும் முன்பே அவள் அவனுக்குப் பயந்தாள் என்று சொல்ல ஆளில்லை. அக்காவிடம்கூட வெட்கப்பட்டு மறைத்திருக்கிறாள். அவன் பெயரைச் சொன்னது ஓரிடத்தில்தான். எங்கள் கடையில்.

"வந்து சொல்லுவீங்களா?"

வருகிறேன் என்றேன். வெர்னா பாத்திரத்தைக் கழுவி அப்போதே கையில் கொடுத்துவிட்டாள்.

நவம்பர் 13, செவ்வாய்

ரோஸ்கோவிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இந்தச் சின்ன ஊரில் கெர்பியின் சித்தப்பன், மாமன் எல்லாம் நம்மிடம் வாங்குகிறவர்கள் என்றார். பயந்து வந்த பெண்ணைச் சிரித்து அனுப்பிய கடை என்று கோர்ட்டில் பதிந்தால் அப்புறம் எந்தப் பெண் வருவாள் என்று கேட்டார்.

"நீ என் தம்பி பொண்டாட்டி. அதுக்காகத்தான் அவன் போனப்புறம் ஒன்ன இங்க வச்சேன். நீ போய்ச் சொல்லுறது ஒன் இஷ்டம் நாடீன். சொல்லிட்டுத் திரும்பி இங்க வராத."

டெல்மர் காதில் விழாததுபோல ஹீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 18, ஞாயிறு

பயமாயிருக்கு. போகாம இருந்துடலாமான்னு காலைலேர்ந்து ஓடுது. காய்ச்சல்னு சொன்னா யாரு கேக்கப்போறா? ட்வைலா கேக்க மாட்டா. அவதான் ஏற்கெனவே எங்கிட்ட ஒண்ணும் எதிர்பாக்காமப் பழகிட்டாளே.

நவம்பர் 19, திங்கள்

போனேன்.

லைலின் இறுதிச் சடங்குக்குப் போட்ட கறுப்பு உடையைத்தான் போட்டுக்கொண்டேன், வேறு நல்லதில்லை. கெர்பி சின்னப் பையன் மாதிரி தலை படிய வாரி உட்கார்ந்திருந்தான். தெருவில் பார்த்தால் வழி கேட்கத் தோன்றும் முகம்.

அவள் வந்த நாள், சொன்ன பெயர், பூட்டை மாற்றியும் வருகிறான் என்று சொன்னது— எல்லாம் சொன்னேன். அவன் வக்கீல் எழுந்தார். மரியாதையானவர். "அவ்வளவு பயந்திருந்தாங்கன்னா ஏம்மா வாங்காமப் போனாங்க? எந்தப் பயமும் இல்லாதவங்கதானே வெறும் கையோட திரும்பிப் போவாங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ட்வைலா தன் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பாதி உண்மை.

"நாங்க அவங்களப் பாத்துச் சிரிச்சோம். அவங்களால வாங்க முடிஞ்சது அந்த ஒண்ணுதான். அதக் கேலி பண்ணி, அது வேலைக்காகாதுன்னு சொன்னேன். அது சுடுமான்னு தெரியாமலே சொன்னேன். கடையில எல்லாரையும்விட நான்தான் அதிகமாச் சிரிக்க வச்சேன். அதனாலதான் வெறும் கையோட போனாங்க."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

உத்தரவு கிடைத்துவிட்டது. அவன் துப்பாக்கிகளையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். திரும்பும்போதுதான் கடைசி பெஞ்சில் டெல்மரைப் பார்த்தேன், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. எப்போது வந்தாரோ. ட்வைலா என்னைக் கடந்துபோனாள். நன்றி சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் எனக்கு எங்கே போய் நிற்பது என்று தெரிந்திருக்காது.

நவம்பர் 20, செவ்வாய்

எழுந்து, உடுத்தி, கார்ச்சாவியை எடுத்த பிறகுதான் போக இடமில்லை என்று நினைவு வந்தது.

டிசம்பர் 15, சனி

மளிகைக் கடை இறைச்சிப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம். நாள் முழுக்க நிற்பதால் கால் வீங்குகிறது. ஆனால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச இங்கே யாருமில்லை, அது பிடித்திருக்கிறது.

மாலையில் ட்வைலா வந்தாள். கட்டுப் பிரித்துவிட்டார்கள். விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை, பையை இடக்கையில் பிடித்திருந்தாள். கண்ணாடிக்குள் இருந்தவற்றை நிதானமாகப் பார்த்துவிட்டு, கோடியில் கிடந்த விலை குறைந்த பன்றி ஹாமைக் காட்டினாள்.

"இது எப்படி இருக்கும்?"

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும். சன்னமாச் சீவினா நல்லா இருக்கும். நேத்து நான் வாங்கிட்டுப் போனேன்" என்றேன்.

"சன்னமாவே போடுங்க."

அவசரப்படாமல் சீவினேன். தாளில் மடித்து, ஒற்றைக் கையால் பிரிக்க வசதியாக ஒட்டாமல் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள்.