மெர்வின் வாயில வந்த ‘ங்க’

அப்பா, மஸ்கட் கடல்ல என் கை நீளத்துக்கு ஒரு சீலா மீனைப் புடிச்சுப்போட்டேனுங்க, அதுவும் அந்த மெர்வின் கண்ணு முன்னாடியே!

நீங்களும் அம்மாவும் சௌக்கியந்தானுங்களே? உங்க முட்டிவலி தேவலாமுங்களா?

மெர்வின் எங்க ஆபீஸ்ல வேலை பாக்கற தூத்துக்குடிக்காரனுங்க. மொதவாட்டி ஆபீஸ்காரங்களோட கடலுக்கு மீன் புடிக்கப் போனப்ப, நான் கொண்டாந்தது குளத்துல போடற தூண்டில் ரீலு. உப்புத்தண்ணி பட்டு இறுகி, கைப்பிடியே சுத்தலீங்க. “வாங்க மீனு, வாங்க”ன்னு நான் கூப்பிட்டதையும் கேட்டுப்போட்டான்.

“ஏ பிள்ள, மீனுக்கும் ‘ங்க’வா? போய் கொளத்துல தவள புடி. நீ கடல்ல ஒண்ணு புடிச்சா, ஒனக்கு நானே ‘ங்க’ போடுதேன்”னு எல்லார் முன்னாடியும் சிரிச்சான்.

விடுவேனுங்களா? வீடியோவாப் பாத்துத் தள்ளினேன். உப்புத்தண்ணி உள்ள போகாம அடைச்ச ஸ்பின்னிங் ரீல் வாங்குனேன். புதுசாக் கத்துக்கறவங்களுக்கு அதுல தூண்டில் நரம்பு சிக்காதுங்க. ஒவ்வொரு தடவையும் நல்லதண்ணில கழுவி வெச்சேன். அவன் வெலை ஒசந்த ரீலு வெச்சிருந்தும் கழுவவே மாட்டான்.

இந்த வெள்ளிக்கிழமை எனக்குச் சீலா மாட்டுச்சு. அவன் ரீலு துருப்புடிச்சு நின்னுபோச்சு.

“ஒன் ரீலக் கொஞ்சம் தா”ன்னான்.

“எப்படிக் கேக்கோணும்?”

பல்லக் கடிச்சுட்டு, “தாங்க”ன்னான்.

“தர மாட்டேனுங்க”ன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்!

இதோட அனுப்பற மீன் போட்டோவ நம்ம குடும்ப குரூப்புல போட்டுடுங்க. அம்மாவக் கொழம்புப் பக்குவம் சொல்லச் சொல்லுங்க. மீனு பெருசு, திங்க நான் ஒருத்திதானுங்க. நான் சாப்பிடறப்ப எல்லாரும் வீடியோவுல வந்து உக்காருங்க.

லோகப்பிரியா